பொன்னியின் செல்வன் முடித்த கையோடு எதை எடுப்பது?

போன மாதம் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு அண்ணன் மகள் போன் செய்தாள். அந்த நேரத்தில் போன் அடித்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். எடுத்தால் விசும்பல். "அத்தை, மணிமேகலை செத்துட்டா. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. புஸ்தகமே முடிஞ்சிடுச்சு."

எனக்கு உயிர் வந்தது. அவள் விடவில்லை. "வந்தியத்தேவனும் குந்தவையும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா இல்லையா? அதையாவது சொல்லுங்க."

இந்தக் கேள்வியை அவள் வயதில் நானும் கேட்டிருக்கிறேன். பாட்டி கல்கி இதழிலிருந்து வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியம் வரைந்த படங்களோடு ஐந்து தொகுதிகளாக பைண்டு செய்து வைத்திருந்தார். பைண்டு செய்தவர் ஓரத்தைக் கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டதால் பல பக்கங்களில் வரியின் கடைசி எழுத்து இருக்காது. 'குந்த' என்று வரி முடியும், 'வை'யை நாம் போட்டுக்கொள்ள வேண்டும். அப்படி ஊகித்து ஊகித்துப் படித்து முடித்த அன்று, பாட்டியிடம் போய் ஆறாவது தொகுதி எங்கே என்று கேட்டேன்.

ஆறாவது தொகுதி கிடையாது. 1950 அக்டோபரில் தொடங்கிய தொடர் 1954 மே மாதம் முடிந்தது. இன்னும் நிறைய சொல்லாமல் விட்டுவிட்டீர்களே என்று வாசகர்கள் கேட்டதற்குக் கல்கி முடிவுரையில் பதில் சொன்னார். அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அவர் காலமானார். ஆகவே இனி நாம் எடுக்கிற எந்தத் தொடர்ச்சியும் வேறொருவர் கையால் எழுதப்பட்டதுதான். அப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன. எதை முதலில் எடுப்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தவறானதை முதலில் எடுத்துவிட்டு, "கல்கிக்கு அப்புறம் எதுவுமே சரியில்லை" என்று மூடி வைத்தவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் மகளுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதற்காகவே உட்கார்ந்து யோசித்தேன். (ஐந்து பாகமும் இன்னும் முடிக்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள். கதை முடிச்சுகள் அவிழும்.)

முதலில் ஒரு கணக்கு. ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் தொடங்கும் கதை சில மாதங்களிலேயே முடிந்துவிடுகிறது. அந்தச் சில மாதங்களுக்குத்தான் ஐந்து பாகம். அதற்குப் பிறகு உத்தம சோழர் ஆட்சி ஏறக்குறைய 15 ஆண்டுகள், 985 வரை. அதன் பிறகே அருள்மொழிவர்மர் ராஜராஜராக அரியணை ஏறுகிறார். தொடர்ச்சி எழுத வருகிற யாரும் இந்தப் பதினைந்து ஆண்டுப் பள்ளத்தைத் தாண்டியாக வேண்டும். கதைமாந்தர்களோ இருபது வயதிலிருந்து முப்பத்தைந்துக்கு வந்துவிடுவார்கள். குதிரையில் பறந்து பறந்து ஓலை கொண்டுபோன பையனுக்கு அந்த வயதில் என்ன வேலை? தொடர்ச்சி நாவல்களை எடைபோட இந்த ஒரு கேள்வி எனக்குப் போதும்.

நேர்த் தொடர்ச்சி என்றால் முதலில் சொல்ல வேண்டியது விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி'. அமுதசுரபி ஆசிரியராக நெடுங்காலம் இருந்த விக்கிரமன், கல்கியின் கதை நின்ற இடத்திலிருந்தே நூலைப் பிடித்துக்கொண்டு எழுதியது. பழையாறைக்கு நந்திபுரம் என்றும் பெயர் உண்டு. தலைப்பே நம்மைக் குந்தவை வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுகிறது. நமக்குத் தெரிந்த அதே முகங்கள், அதே ஊர். பிரிவைத் தாங்கவே முடியாதவர்களுக்கு இது மருந்து. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஓடிப்போய் எடுத்தேன்.

ஆனால் அடுத்த நாளே எடுத்தது என் தவறு. கல்கியின் குரல் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும்போது வேறொருவர் வந்தியத்தேவனைப் பேச வைத்தால், ஒவ்வொரு வரியிலும் மனம் போய் ஒப்பிட்டுப் பார்க்கிறது. வந்தியத்தேவனின் உயிர் அவன் வாயில் இருக்கிறது. ஆழ்வார்க்கடியானிடம் அவன் பேசும் தோரணை, மாட்டிக்கொண்ட இடத்தில் சட்டென்று கட்டிவிடும் பொய், குந்தவை முன்னால் மட்டும் குழறுவது எல்லாம் கல்கியின் நாக்கிலிருந்து வந்தவை. பெயரை எடுத்துக்கொள்ளலாம், நாக்கை எடுத்துக்கொள்ள முடியாது. விக்கிரமன் அதைத் திருட முயலவில்லை, தன் நடையிலேயே எழுதினார். அந்த நேர்மையை நான் பல வருடம் கழித்து இரண்டாம் முறை படித்தபோதுதான் உணர்ந்தேன். முதல் தடவை, "இவன் வந்தியத்தேவன் இல்லை" என்ற கோபம் மட்டுமே மிஞ்சியது.

அனுஷா வெங்கடேஷின் 'காவிரி மைந்தன்' இதே வகை. பொன்னியின் செல்வனை உயிராக நேசித்த ஒரு வாசகி பேனா எடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அது உதாரணம். நாம் விட்ட இடத்தில் தவித்த தவிப்பெல்லாம் அவருக்கும் இருந்திருக்கிறது என்பது தெரிகிறது. விக்கிரமனுக்குச் சொன்ன எச்சரிக்கையே இதற்கும். கல்கியை மூடிய சூட்டோடு வேண்டாம்.

நேர்த் தொடர்ச்சிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கல்கி எதையெல்லாம் வேண்டுமென்றே கட்டாமல் விட்டாரோ அதையெல்லாம் இவர்கள் கட்ட வேண்டியிருக்கிறது. சோழ இளவரசனாக வளர்ந்து, கடைசியில் பாண்டிய ஆபத்துதவிகளோடு (பாண்டிய மன்னனுக்காக உயிர் கொடுக்கச் சபதம் செய்தவர்கள்) போன பழைய மதுராந்தகனையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜராஜர் அமரபுஜங்கன் என்ற பாண்டியனை வென்றதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்தப் பெயரையும் இந்த ஆளையும் இணைத்துவிட்டால் கதை தயார். ஆனால் இணைத்த மறுகணமே, முடிவு முன்கூட்டித் தெரிந்துவிடுகிறது. அவன் தோற்கப்போகிறான், அது செப்பேட்டிலேயே இருக்கிறது. அந்தத் தோல்விக்குப் போகிற வழியில் நம்மைப் பதற வைக்க வேண்டும். அது சாதாரண வேலையில்லை.

அடுத்து, கொலை வழக்கை மறுபடி எடுக்கிற வகை. காலச்சக்கரம் நரசிம்மாவின் 'சங்கதாரா' பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது. கல்கி அந்தக் கடம்பூர் இருட்டறையில் விளக்கை அணைத்துவிட்டுப் போனவர். யார் கை என்பதை வாசகர் தலையில் விட்டார். ஆகவே இந்தக் கேள்வி எழுபது ஆண்டாக எரிந்துகொண்டே இருக்கிறது.

இங்கே கல்வெட்டை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜரின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன் என்கிற பஞ்சவன் பிரமாதிராசன், பரமேஸ்வரன் என்கிற இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரைச் சொல்லி, அவர்களுடைய உறவினர்கள் உடைமைகள் வரை பறிமுதல் செய்யும் ஆணை அது. பட்டப் பெயர்களைக் கவனியுங்கள். 'பிரமாதிராசன்' என்பது அரசு கொடுத்த உயர் அதிகாரிப் பட்டம். கொலை நடந்தது உத்தம சோழர் ஆட்சிக்கு முன்பு, ஆணையோ அவருக்குப் பின் வந்தவருடையது. இடையில் அத்தனை ஆண்டு ஏன் என்பதில்தான் அறிஞர்களே பிரிந்து நின்றார்கள். நீலகண்ட சாஸ்திரியின் சந்தேகம் உத்தம சோழர் பக்கம் திரும்பியது. சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. ஆக, நாவலாசிரியருக்கு இங்கே நிஜமான இடம் இருக்கிறது.

புதிர் பிடிக்கும் என்றால் சங்கதாராவை எடுங்கள், விறுவிறுவென்று போகும். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: நாம் நேசிக்கிறவர்கள் மேலும் அதில் நிழல் விழும். அதைத் தாங்குகிற மனநிலை வேண்டும். நேற்று இரவு மணிமேகலைக்காக அழுத பெண்ணுக்கு இன்று காலையே இதைக் கொடுக்க மாட்டேன்.

'உடையார்' நாவலுக்கு வருகிறேன். பாலகுமாரனின் ஆறு பாகங்கள். இதைத் தொடர்ச்சி என்று சொல்லிக் கையில் கொடுக்கிறவர்கள் பாலகுமாரனுக்கும் நியாயம் செய்வதில்லை, வாசகருக்கும் செய்வதில்லை. கல்கியின் அருள்மொழி இதில் இல்லை. நடுவயது தாண்டிய, ஒரு கோயிலைக் கட்டி முடித்துவிட வேண்டும் என்ற வேகத்தில் இருக்கும் பேரரசர் இருக்கிறார். அவருடைய அரசி பஞ்சவன்மாதேவிக்கு இங்கே பெரிய இடம். கல்கி பெயரைக்கூடச் சொல்லாத சேனாபதி கிருஷ்ணன் ராமன் முன்னால் வந்து நிற்கிறார். பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை ராஜராஜர் ஆணைப்படி எடுப்பித்தவர் என்று கல்வெட்டிலேயே இருக்கிற ஆள் அவர். கல் எங்கிருந்து வந்தது, யார் இழுத்தார்கள், அவர்களுக்குச் சோறு யார் போட்டார்கள் என்ற கேள்விகளெல்லாம் பாலகுமாரனைத் தூங்கவிடாமல் செய்திருக்கின்றன. கல்கியிடம் அந்தக் கேள்விகள் கிடையாது, அவர் கதைக்கு அவை தேவைப்படவும் இல்லை.

நடை அடியோடு மாறுகிறது. சின்னச் சின்ன வாக்கியங்கள். பக்கம் பக்கமாகப் பேச்சு. பக்தியும் தத்துவமும் நடுநடுவே நின்று பேசும். திருப்பங்களை எதிர்பார்த்துப் போனால் இரண்டாம் பாகத்திலேயே சோர்வு வந்துவிடும். ஆனால் தஞ்சைக்குப் போகப் போகிறவர் யாராவது என்னிடம் புத்தகம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு உடையாரைத்தான் சொல்வேன். அதைப் படித்த பிறகு நான் பெரிய கோயிலுக்குப் போனபோது, ஸ்ரீவிமானத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் குனிந்து அடித்தளத்தைப் பார்த்தேன். அதிஷ்டானத்தில் வரிவரியாக எழுத்து. உடன் வந்த நண்பர் ஒருவர் கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர். விரலால் தொடாமல், ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் காட்டினார்: "நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்." தான் கொடுத்ததற்கு அடுத்தபடி அக்காள் கொடுத்தது. பெண்டுகள் அதற்குப் பிறகுதான். கல்கி அந்த அக்கா தம்பி பாசத்தை ஒன்றும் மிகைப்படுத்திவிடவில்லை என்று அந்தக் கல் முன்னால் நின்றபோது தெரிந்தது. வெயிலில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அண்ணன் மகளின் கேள்விக்கு விடையும் அதே கோயிலில்தான் இருக்கிறது. குந்தவையைக் கல்வெட்டு 'வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்' என்று குறிக்கிறது. போனில் இதைச் சொன்னதும் அவள் ஒரு சத்தம் போட்டாள். அண்ணன் எழுந்து வந்து என்னவென்று கேட்டது எனக்கே கேட்டது.

இனி அகிலனின் 'வேங்கையின் மைந்தன்'. அவளுக்கு நான் முதலில் கொடுத்தது இதைத்தான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதுவும் கல்கி இதழில் தொடராக வந்தது. 1963-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆனால் அகிலன் பள்ளத்தில் இறங்கவே இல்லை, தாண்டிவிட்டார். உத்தம சோழர் காலத்தையும் ராஜராஜர் காலத்தையும் கடந்து ராஜேந்திரர் ஆட்சியில் போய்க் கதையைத் தொடங்குகிறார். பாண்டியர்கள் ஈழத்தில் ஒப்படைத்து வைத்த மணிமுடியை மீட்டு வருவது கதையின் முதல் பெரிய வேலை. ராஜேந்திரரின் மெய்க்கீர்த்தியே (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசர் புகழ்ப்பாட்டு) அதைப் பெருமையாகச் சொல்கிறது: "முன்னவர் பக்கல் தென்னவர் வைத்த சுந்தர முடியும் இந்திரன் ஆரமும்." பராந்தகர் காலத்தில் கைக்கு எட்டாமல் போனதை எள்ளுப்பேரன் எடுத்து வந்தார். கொடும்பாளூர் இளங்கோ என்ற புதிய இளைஞன் கதைநாயகன். ஈழத்து ரோகிணி ஒரு பக்கம், ராஜேந்திரரின் மகள் அருள்மொழி இன்னொரு பக்கம். இளமையும் காதலும் சாகசமும் புதிய ஆட்களிடம் போய்விட்டன.

அப்படிப் போனதால்தான் பழைய ஆள் ஒருவர் உள்ளே வர இடம் கிடைக்கிறது. வல்லவரையர் வந்தியத்தேவர் வருகிறார். வந்தியத்தேவன் இல்லை, வந்தியத்தேவர். முதியவர். அந்த 'ர்' என்ற ஒற்றை எழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வந்தியத்தேவன் எப்படிப் பேசுவான் என்று அகிலன் கல்கியோடு போட்டிக்கு நிற்கவில்லை. நாற்பது ஐம்பது வருடம் கழித்து ஒரு மனிதன் வேறு மாதிரிப் பேசலாம், பேசவும் வேண்டும். நமக்கும் ஒப்பிடத் தோன்றுவதில்லை. ஊரில் விட்டுவிட்டு வந்த ஒரு துறுதுறுப் பையனைப் பல வருடம் கழித்து யாரோ ஒரு கல்யாண வீட்டில் தாத்தாவாகப் பார்ப்பது போல இருக்கிறது. முகத்தில் தேடுகிறோம். ஒரு நொடி அகப்படுகிறது.

கல்கியின் நாவலுக்கு உண்மையான தொடர்ச்சி காலம்தான் என்று நான் நம்புகிறேன். அதே ஆட்களை அதே வயதில் நிறுத்தி இன்னும் இரண்டு சதி, இன்னும் ஒரு சுரங்கப்பாதை என்று கூட்டுவதைவிட, அவர்களை மூப்படைய விடுகிற துணிச்சல் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அகிலனிடம் குறை இல்லாமல் இல்லை. நாட்டுப் பெருமை பேசும் இடங்களில் குரல் சற்று உயர்ந்துவிடும். இளங்கோவின் மனப் போராட்டம் சில அத்தியாயங்களில் ஒரே வட்டத்தில் சுற்றும். நகைச்சுவையில் கல்கியின் அருகில்கூட அவரால் வர முடியாது. இருந்தாலும் முதல் தேர்வு இதுதான்.

இவை எதுவும் வேண்டாம், எனக்குக் கல்கியே வேண்டும் என்பவர்களும் உண்டு. அவர்கள் தேடுவது சோழர்களை அல்ல, அந்த நடையை. அவர்கள் நேரே 'சிவகாமியின் சபத'த்துக்குப் போகலாம். அதில் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. கல்கி முதலில் எழுதியது 'பார்த்திபன் கனவு'. அதில் நரசிம்மவர்மப் பல்லவர் ஒரு மகளுக்குத் தந்தை, நடுவயதுக்காரர். அதற்குப் பிறகுதான் பின்னோக்கிப் போய், அதே நரசிம்மரின் இளமையைச் சிவகாமியின் சபதத்தில் எழுதினார். மூத்தவரை முதலில் காட்டிவிட்டுப் பிறகு அவர் என்ன இழந்து இப்படி ஆனார் என்று சொன்னார். காலவரிசைப்படி சபதம் முதலில், கனவு பிறகு என்று பலர் சொல்வார்கள். எழுதிய வரிசையில் படித்துப் பாருங்கள் என்பேன் நான். பார்த்திபன் கனவில் அமைதியாக வந்துபோகிற அந்த அரசரின் பின்னால் என்ன இருந்தது என்று பிறகு தெரியும்போது வேறொரு கனம் கூடும்.

யாராவது எழுத மாட்டார்களா என்று நான் காத்திருக்கும் தொடர்ச்சி ஒன்று உண்டு. அந்தப் பதினைந்து ஆண்டுப் பள்ளம் வெறும் பள்ளமில்லை. அது செம்பியன் மாதேவியின் காலம். செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கற்றளிகளாக, அதாவது கல் கோயில்களாக, மாற்றிக்கொண்டிருந்தார். கோனேரிராஜபுரத்தில் மறைந்த கணவர் கண்டராதித்தர் பெயரால் கோயில் எடுத்தார். கல்கியின் கதைப்படி, பூக்கட்டி வளர்ந்த சேந்தன் அமுதன்தான் அவர் பெற்ற பிள்ளை, இப்போது அரசன். ஓடம் ஓட்டிய பூங்குழலி பட்டத்தரசி. ஒரே அரண்மனையில் இந்த மூவரும் பதினைந்து வருடம் எப்படி வாழ்ந்தார்கள்? அலைகடலைப் பார்க்காமல் பூங்குழலி எத்தனை நாள் இருந்திருப்பாள்? போர் இல்லை, சதி இல்லை, எழுத என்ன இருக்கிறது என்று எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து எழுதலாம்.

சரி, அண்ணன் மகள் விஷயம். வேங்கையின் மைந்தனைக் கொடுத்து, இது முடிந்த பிறகு இரண்டு மாதம் கழித்து நந்திபுரத்து நாயகி, விடுமுறையில் தஞ்சாவூர் போவதாக இருந்தால் உடையார், சங்கதாரா எப்போது வேண்டுமானாலும், ஆனால் ராத்திரியில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். முதல் நாற்பது பக்கம் பிடிக்கவில்லை என்று செய்தி அனுப்பினாள். இளங்கோவை அவளுக்குப் பிடிக்கவே இல்லையாம். நான் பதில் போடவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி ராத்திரி போன். இந்த முறை அழவில்லை. கொஞ்ச நேரம் எதுவுமே பேசவில்லை.

"அத்தை," என்றாள். "அவருக்கு வயசாயிடுச்சு."

"ஆமாம்மா," என்றேன்.